ஆங்கில அயற்கூற்றில் கூற்று வினையும் துணைவினையும்

ஒருவர் சொன்னதையோ எண்ணியதையோ மற்றொருவர் எடுத்துச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பயன்படும் வினைச்சொற்கள் கூற்று வினைகள் எனப்படும். 'சே', 'டெல்', 'சஜஸ்ட்', 'ப்ராமிஸ்', 'டிமாண்ட்', 'வார்ன்' முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தொடர்ந்து 'தட்' என்ற சொல்லும், அதன்பின் சொல்லப்பட்ட செய்தியும் வரும். அந்தச் செய்திக்குள் 'வில்', 'வுட்', 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷல்', 'ஷுட்', 'மஸ்ட்' ஆகிய துணைவினைகளுள் ஒன்று வருவது மிகவும் வழக்கம். முடியும், கூடும், வேண்டும், செய்வேன் போன்ற பொருள்களை இத்துணைவினைகள் தருகின்றன.

கூற்று வினையும் துணைவினையும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரவேண்டும். பொருந்தாவிட்டால் பரிந்துரை வாக்குறுதியாகவும், வேண்டுகோள் கட்டளையாகவும் மாறிவிடும். பள்ளித் தேர்வில் இதனால் இழப்பது ஓரிரு மதிப்பெண்தான். மனு, கூட்டக் குறிப்பு, செய்தி, சட்டம் ஆகியவற்றில் இழப்பு அதைவிடப் பெரியது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு

சென்னைக்கு மேற்கே ஆவடியை ஒட்டியுள்ள கோவில்பதாகையில் ஓர் ஏரி உண்டு. அந்த ஏரியைத் தூய்மை செய்வது பற்றி ஊர்க்கூட்டம் ஒன்றில் பொறியாளர் ஒருவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். அவர் பேச்சைக் கூட்டக் குறிப்பில் நான்கு விதமாக எழுத முடியும்.

1. 'தி எஞ்சினியர் செட் தட் தி லேக் வுட் பி கிளீன்ட்.' ஏரி தூய்மை செய்யப்படும் என்று பொறியாளர் சொன்னார்.

2. 'தி எஞ்சினியர் செட் தட் தி லேக் குட் பி கிளீன்ட்.' ஏரியைத் தூய்மை செய்ய முடியும் என்று சொன்னார்.

3. 'தி எஞ்சினியர் செட் தட் தி லேக் மைட் பி கிளீன்ட்.' ஏரி தூய்மை செய்யப்படக்கூடும் என்று சொன்னார்.

4. 'தி எஞ்சினியர் ரெகமண்டட் தட் தி லேக் ஷுட் பி கிளீன்ட்.' ஏரியைத் தூய்மை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு, 'செய்வதாகச் சொன்னீர்களே, ஏன் செய்யவில்லை?' என்று ஊரார் பின்னர் கேட்கலாம். இரண்டாவது, வேலை செய்யத்தக்கது என்று மட்டும் சொல்கிறது. யார் செய்வார், எப்போது செய்வார் என்பது அதில் இல்லை. மூன்றாவது வெறும் வாய்ப்பு. நான்காவதில் பொறியாளர் தம் கருத்தை மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார். முடிவு எடுக்கவேண்டியவர் வேறொருவர். ஏரி ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். பொறுப்பு யாருடையது, எவ்வளவு உறுதியானது என்பது மட்டும் நான்கிலும் வேறுபடுகிறது.

தமிழில் 'என்று', ஆங்கிலத்தில் 'தட்'

தமிழில் ஒருவர் கூற்றை மற்றொன்றோடு இணைப்பது பெரும்பாலும் 'என்று' என்ற சொல். 'என்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த வினையெச்சம் இது. சொல்லி என்பதே இதன் அடிப்படைப் பொருள். 'வருவேன் என்று சொன்னான்' என்னும்போது, 'வருவேன்' என்ற அவனுடைய சொல் அப்படியே வாக்கியத்துக்குள் நிற்கிறது. சொன்னது நேற்று என்பதற்காக 'வருவேன்' என்பதன் காலம் மாறுவதில்லை. கூற்று முன்னால் வருகிறது, 'என்று' அதன் பின்னால் வருகிறது, கூற்று வினை கடைசியில் வருகிறது.

ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். கூற்று வினை முதலில் வரும், 'தட்' அடுத்து வரும், கூற்று கடைசியில் வரும். 'தட்' என்பது 'அது' என்ற சுட்டுப்பெயரிலிருந்து இந்த வேலைக்கு வந்த சொல். 'அவன் அதைச் சொன்னான்: வருவேன்' என்பது போன்ற அமைப்பே நாளடைவில் இணைப்புச் சொல்லாக இறுகியது. பேச்சு வழக்கில் 'செட்', 'திங்க்', 'ஹோப்' போன்ற எளிய வினைகளுக்குப் பின் 'தட்' விடுபடுவதும் உண்டு. எழுத்தில், குறிப்பாக நீண்ட வாக்கியங்களில், அதை விடாமல் எழுதுவது தெளிவு தரும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழில் கேள்விப்பட்ட செய்தியை 'ஆம்' என்ற விகுதி ஒன்றாலேயே சொல்லிவிடலாம். 'நாளை மழை பெய்யுமாம்' என்றால் போதும். ஆங்கிலத்தில் அதற்குத் தனி விகுதி இல்லை. 'தே சே தட் இட் வில் ரெயின் டுமாரோ' என்று ஒரு கூற்று வினையைக் கொண்டுவர வேண்டும். தமிழில் விகுதி செய்யும் வேலை ஆங்கிலத்தில் கூற்று வினையின் தலையில் விழுகிறது. எனவே எந்தக் கூற்று வினையைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆங்கிலத்தில் முக்கியமான கேள்வியாகிறது.

'வேண்டும்', 'லாம்' ஆகியவற்றின் பல முகங்கள்

தமிழர்க்கு இப்பகுதியில் தடுமாற்றம் வருவதற்கு இரண்டு சொல்வடிவங்கள் முக்கியக் காரணம்.

முதலாவது 'வேண்டும்'. விரும்புதல், கேட்டல் என்ற பொருளுள்ள 'வேண்டு' என்ற வினையிலிருந்து வந்தது இது. விருப்பம், தேவை, கடமை, கட்டாயம், அறிவுரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் கட்டாயத்துக்கு 'மஸ்ட்', 'ஹேவ் டு'. அறிவுரைக்கும் பொருத்தத்துக்கும் 'ஷுட்', 'ஆட் டு'. தேவைக்கு 'நீட் டு'. விருப்பத்துக்கு 'வாண்ட்' எனப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது '-லாம்'. இது 'அல்' என்ற தொழிற்பெயர் விகுதியும் 'ஆம்' என்பதும் சேர்ந்தது. 'போகலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் அனுமதி கேட்டு நின்றிருந்தால், 'ஹி செட் தட் தே குட் கோ'. ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது எல்லோரும் போவோம் என்று யோசனை சொன்னதாயிருந்தால், 'ஹி சஜஸ்டெட் தட் தே ஷுட் கோ'. வெளியூர் விருந்தினர் ஒருவேளை போய்விடக்கூடும் என்று அவர் கருதியிருந்தால், 'ஹி தாட் தட் தே மைட் கோ'. தமிழில் சூழலும் குரலும் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் கூற்று வினையும் துணைவினையும் சேர்ந்து காட்டுகின்றன. ஆகவே மொழிபெயர்க்கும்முன் அது அனுமதியா, யோசனையா, ஐயமா என்று முடிவு செய்துகொள்வது அவசியம்.

துணைவினை மாறும் முறை

கூற்று வினை நிகழ்காலத்தில் இருந்தால் துணைவினையை மாற்ற வேண்டியதில்லை. 'ஷி செஸ் தட் ஷி வில் கம்' என்பது சரியான வாக்கியம். கூற்று வினை இறந்தகாலத்தில் இருந்தால் பொதுவாகப் பின்வரும் மாற்றம் நிகழும்.

'வில்' என்பது 'வுட்' ஆகும்.
'கேன்' என்பது 'குட்' ஆகும்.
'மே' என்பது 'மைட்' ஆகும்.
எதிர்காலம் குறிக்கும் 'ஷல்' என்பது 'வுட்' ஆகும். என்ன செய்யட்டும் என்று கேட்கும் 'ஷல்' என்பது 'ஷுட்' ஆகும்.
'வுட்', 'குட்', 'மைட்', 'ஷுட்', 'ஆட் டு' ஆகியவை மாறுவதில்லை.

இந்த மாற்றத்துக்கு மொழி வரலாற்றில் காரணம் உண்டு. 'வுட்' என்பது 'வில்' என்பதன் பழைய இறந்தகால வடிவம். அவ்வாறே 'குட்', 'மைட்', 'ஷுட்' ஆகியவை முறையே 'கேன்', 'மே', 'ஷல்' ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள். ஏற்கெனவே இறந்தகால வடிவில் இருப்பதை மேலும் பின்னுக்குத் தள்ள முடியாது. 'மஸ்ட்' என்பதும் வேறொரு பழைய வினையின் இறந்தகால வடிவமாகவே தோன்றியது. அதனால்தான் அதற்குத் தனியே ஓர் இறந்தகால வடிவம் இல்லை.

'மஸ்ட்' என்பதை மூன்று வகையாகக் கையாளலாம். அதை அப்படியே வைப்பது எப்போதும் பிழையாகாது. அப்போதைய கட்டாயமாயின் 'ஹேட் டு' என்றும், வரவிருந்த கட்டாயமாயின் 'வுட் ஹேவ் டு' என்றும் எழுதலாம். ஆனால் ஊகத்தைக் குறிக்கும் 'மஸ்ட்' மாறக்கூடாது. 'விளக்கு எரிகிறது, வீட்டில் ஆள் இருக்க வேண்டும்' என்ற ஊகத்தை 'ஹி செட் தட் சம்ஒன் மஸ்ட் பி அட் ஹோம்' என்றே எழுத வேண்டும். இங்கே 'ஹேட் டு' போட்டால், யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமாகப் படிக்கப்படும்.

சொல்லப்பட்ட செய்தி இன்னும் உண்மையாகவோ நடைமுறையிலோ இருந்தால், துணைவினையை மாற்றாமல் விடுவதும் ஆங்கிலத்தில் ஏற்கப்படுகிறது. தேர்வில் மாற்றி எழுதுவதே பாதுகாப்பானது.

கூற்று வினைகளின் வகைகள்

எல்லாக் கூற்று வினைகளும் எல்லாத் துணைவினைகளையும் ஏற்பதில்லை. பொருளை வைத்து நான்கு வகைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, வெறுமனே தெரிவிப்பவை. 'சே', 'டெல்', 'எக்ஸ்ப்ளெய்ன்', 'இன்ஃபார்ம்', 'அனவுன்ஸ்' ஆகியவை இவை. எந்தத் துணைவினையும் இவற்றின்பின் வரலாம். ஆனால் கேட்பவரைக் குறிக்கும் முறை வேறுபடும். 'டெல்', 'இன்ஃபார்ம்' இரண்டும் கேட்பவரை நேராக ஏற்கும்: 'டோல்ட் ஹிம் தட்', 'இன்ஃபார்ம்ட் ஹிம் தட்'. 'சே', 'எக்ஸ்ப்ளெய்ன்' இரண்டுக்கும் 'டு' வேண்டும்: 'செட் டு ஹிம் தட்', 'எக்ஸ்ப்ளெய்ன்ட் டு ஹிம் தட்'. தமிழில் 'அவனிடம் சொன்னான்' என்று வேற்றுமை உருபு வருவதால், 'டோல்ட் டு ஹிம்' என்று எழுதும் பிழை நம்மிடையே பரவலாக உள்ளது.

இரண்டாம் வகை, எண்ணத்தையும் எதிர்பார்ப்பையும் சொல்பவை. 'திங்க்', 'பிலீவ்', 'எக்ஸ்பெக்ட்', 'ஹோப்', 'ஃபியர்' ஆகியவற்றின்பின் 'வில்', 'வுட்', 'மே', 'மைட்' ஆகியவை இயல்பாக வரும். 'விஷ்' மட்டும் விலக்கு. நடக்காததை அல்லது நடப்பது அரிதானதை விரும்புவது அதன் பொருள். எனவே அதன்பின் 'வுட்', 'குட்' வருமே தவிர 'வில்', 'கேன்' வாரா.

மூன்றாம் வகை, சொல்பவர் பொறுப்பேற்பவையும் எச்சரிப்பவையும். 'ப்ராமிஸ்', 'அஷ்யூர்', 'கேரண்டி', 'த்ரெட்டன்', 'வார்ன்' ஆகியவை இவை. வாக்குறுதி எதிர்காலத்தைப் பற்றியது என்பதால் 'வில்' அல்லது 'வுட்' வரும். எச்சரிக்கையில் 'மே', 'மைட்', 'குட்' ஆகியவையும் வரும். 'அஷ்யூர்' என்பதற்குப் பின் யாருக்கு உறுதி தரப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 'தி மினிஸ்டர் அஷ்யூர்ட் தட்' என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. 'அஷ்யூர்ட் தி பீப்பிள் தட்' என்பதே பொது ஆங்கில வழக்கு.

நான்காம் வகை, மற்றவர் ஒன்றைச் செய்யவேண்டும் என்று கோருபவை. 'சஜஸ்ட்', 'ரெகமண்ட்', 'ப்ரொபோஸ்', 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்', 'இன்சிஸ்ட்', 'ஆர்டர்', 'ரிசால்வ்' ஆகியவை இவை. இவற்றின்பின் 'ஷுட்' வரும். அல்லது எந்தத் துணைவினையும் இல்லாமல் வினையின் அடிவடிவம் மட்டும் வரும். 'தே டிமாண்டட் தட் தி ரோட் ஷுட் பி ரிப்பேர்ட்' என்றும், 'தே டிமாண்டட் தட் தி ரோட் பி ரிப்பேர்ட்' என்றும் எழுதலாம். முன்னது பிரித்தானிய வழக்கில் மிகுதி. பின்னது அமெரிக்க வழக்கில் மிகுதி. இரண்டும் சரியே. அடிவடிவம் மட்டும் வரும்போது அது எண், இடம், காலம் எதற்கும் மாறாது. 'ஷி சஜஸ்டெட் தட் ஹி கோ' என்பதில் 'கோஸ்', 'வென்ட்' என்று எழுதத் தேவையில்லை. எதிர்மறையில் அடிவடிவத்துக்கு முன் 'நாட்' மட்டும் வரும்: 'தட் ஹி நாட் கோ'.

இரு பொருள் தரும் வினைகள்

நான்காம் வகையில் சில வினைகளுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. எந்தப் பொருள் என்பதைக் காட்டுவது பின்வரும் துணைவினையே.

'சஜஸ்ட்' என்பதற்கு யோசனை சொல்லுதல் என்றும், குறிப்பால் உணர்த்துதல் என்றும் பொருள் உண்டு. 'தி ரிப்போர்ட் சஜஸ்ட்ஸ் தட் தி வால் ஷுட் பி ரிமூவ்ட்' என்றால் சுவரை அகற்ற வேண்டும் என்பது அறிக்கையின் யோசனை. 'தி ரிப்போர்ட் சஜஸ்ட்ஸ் தட் தி வால் மே ஃபால்' என்றால் சுவர் விழக்கூடும் என்பதற்கு அறிக்கையில் அறிகுறி இருக்கிறது.

'இன்சிஸ்ட்' என்பதும் அவ்வாறே. 'ஹி இன்சிஸ்டெட் தட் ஹி ஹேட் பெய்ட்' என்றால், தான் பணம் கட்டிவிட்டதாக அவர் அடித்துச் சொன்னார். 'ஹி இன்சிஸ்டெட் தட் ஹி ஷுட் பி பெய்ட்' என்றால், தனக்குப் பணம் தரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

'டிசைட்' என்பதில் செய்பவர் யார் என்பது துணைவினையால் தெரியும். 'தே டிசைடட் தட் தே வுட் பில்ட் எ லைப்ரரி' என்றால் நூலகத்தைக் கட்டப்போகிறவர்கள் அவர்களே. 'தே டிசைடட் தட் எ லைப்ரரி ஷுட் பி பில்ட்' என்றால் நூலகம் தேவை என்று முடிவாயிற்று. கட்டுபவர் யார் என்பது இன்னும் திறந்த கேள்வி.

ஆவடித் தீர்மானம், 1955

இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று கோவில்பதாகைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. 1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரசின் 60-ஆவது மாநாடு ஆவடியில் நடந்தது. உ. ந. தேபர் தலைமை வகித்தார். நேரு பிரதமராகவும் காமராசர் சென்னை மாநில முதலமைச்சராகவும் இருந்த காலம் அது. சோசலிச மாதிரியிலான சமுதாயத்தை அமைக்கும் நோக்கோடு நாட்டின் திட்டமிடல் நடைபெற வேண்டும் என்ற தீர்மானம் அங்கு நிறைவேறியது. அதன் ஆங்கில வாசகத்தில் திட்டமிடலைப் பற்றி வரும் துணைவினை 'ஷுட்'. அதற்கு முந்தைய மாதம், 1954 டிசம்பரில், பொருளாதாரக் கொள்கையின் குறிக்கோள் இதுவாக இருக்க வேண்டும் என்று மக்களவையும் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

ஆவடித் தீர்மானத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல 'தி காங்கிரஸ் ரிசால்வ்ட் தட் பிளானிங் ஷுட் ...' என்று தொடங்குவது பொருத்தம். 'ஷுட்' இருக்கும் இடத்தில் 'வுட்' வந்தால், திட்டமிடல் இவ்வாறே நடக்கும் என்று கட்சி முன்கூட்டி அறிவித்ததாகும். 'மஸ்ட்' வந்தால் சட்டம் போன்ற கட்டாயமாகும். கட்சித் தீர்மானம் சட்டமாகாது. செல்லவேண்டிய திசையை அது சொல்கிறது. அந்தத் திசையில் 1956 ஏப்ரலில் தொழிற்கொள்கைத் தீர்மானமும், அதே ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் வந்தன. அரசியலமைப்பின் முகவுரையில் 'சோசலிச' என்ற சொல் சேர்ந்தது 1976-இல் கொண்டுவரப்பட்ட 42-ஆவது திருத்தத்தால்தான். ஆவடியில் 'வேண்டும்' என்று சொல்லப்பட்டதற்கும் முகவுரையில் 'ஆகும்' என்ற நிலைக்கு வந்ததற்கும் இடையே 21 ஆண்டுகள் உள்ளன.

'மே', 'ஷல்' வழக்கு: 1963

துணைவினை ஒன்றுக்காக ஒரு மாநிலமே கவலைப்பட்ட வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவின்படி, ஒன்றிய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் தொடர்வதற்கு 15 ஆண்டுகள் தரப்பட்டிருந்தன. அந்தக் காலம் 1965 ஜனவரி 26 அன்று முடிவதாக இருந்தது. அதன்பின்னும் ஆங்கிலம் தொடர வழிசெய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959-இல் பிரதமர் நேரு மக்களவையில் உறுதியளித்தார். அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும்போது 'அஷ்யூர்ட் தெம் தட் இங்கிலீஷ் வுட் கண்டினியூ' என்று வரும். இது மேலே சொன்ன மூன்றாம் வகை, பொறுப்பேற்கும் கூற்று.

1963-இல் ஆட்சிமொழிச் சட்ட முன்வரைவு வந்தபோது, அதன் 3-ஆவது பிரிவில் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்'படலாம்' என்ற பொருளில் 'மே' என்ற துணைவினை இருந்தது. வாக்குறுதியில் இருந்த 'தொடரும்' என்பது சட்டத்தில் 'தொடரலாம்' ஆகியிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் இதை எதிர்த்தது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர் சி. என். அண்ணாதுரை. 'தொடரலாம்' என்பதைத் 'தொடராமலும் போகலாம்' என்றும் படிக்க முடியும். ஆகவே ஐயத்துக்கு இடமில்லாத 'ஷல்' வேண்டும் என்பது கழகத்தின் வாதம். எனினும் முன்வரைவு 'மே' என்ற சொல்லோடேயே சட்டமாயிற்று.

1965 ஜனவரி 26 நெருங்கியபோது சென்னை மாநிலத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். பின்னர் 1967-இல் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டு 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதில் முதன்மை விதியின் 'மே' நீக்கப்படவில்லை. ஆனால் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான தொடர்புகளுக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற விதி 'ஷல்' என்ற சொல்லோடு சேர்க்கப்பட்டது. அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் இயற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவ்வாறே தீர்மானிக்கும்வரை இவ்விதிகள் நீடிக்கும் என்றும் எழுதப்பட்டது.

மூன்று எழுத்துத் துணைவினையைப் பற்றிய அந்த வாதம் வெறும் சொற்சிலம்பம் அன்று. வாக்குறுதி சொன்னவரோடு போய்விடக்கூடும். சட்டத்தின் துணைவினை அவருக்குப் பின்னும் இருக்கும்.

சட்டத்தையும் விதியையும் எடுத்துச் சொல்லும் முறை

இதிலிருந்து மனு எழுதுவோருக்குப் பயன்படும் ஒரு விதி கிடைக்கிறது. நடப்பில் உள்ள சட்டத்தை எடுத்துக்காட்டும்போது அதன் துணைவினையை மாற்றக்கூடாது. சட்டத்தில் 'ஷல்' இருந்தால் மனுவிலும் 'ஷல்' இருக்க வேண்டும். கூற்று வினையும் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் 7-ஆவது பிரிவின்படி, விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் தகவலைத் தரவேண்டும், அல்லது காரணம் காட்டி மறுக்க வேண்டும். அங்கு வரும் சொல் 'ஷல்'. மனுதாரர் 'தி ஆக்ட் ப்ரொவைட்ஸ் தட் தி ஆஃபிசர் ஷல் ...' என்று எழுதினால் சட்டத்தின் முழு வலிமையும் மனுவில் இருக்கும். 'ஷுட்' என்று எழுதினால் கடமை அறிவுரையாகத் தேய்ந்துவிடும். 'வுட்' என்று எழுதினால் பொருளே நழுவிவிடும். சட்டங்களில் 'மே' என்பது பொதுவாக அதிகாரத்தையும் விருப்பத் தேர்வையும் குறிக்கும்; சில இடங்களில் சூழலைக் கொண்டு நீதிமன்றங்கள் அதைக் கட்டாயமாகப் பொருள்கொள்வதும் உண்டு. எனவே அதையும் உள்ளபடியே எழுதுவது நல்லது.

தமிழர் எழுத்தில் பொதுவாகக் காணும் பிழைகள்

'ஐ வாண்ட் தட் யூ ஷுட் கம்.' 'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதன் நேர் பெயர்ப்பு இது. 'வாண்ட்' என்ற வினை 'தட்' தொடரை ஏற்காது. 'ஐ வாண்ட் யூ டு கம்' என்பதே சரி.

'ஹி சஜஸ்டெட் மி டு கோ.' 'சஜஸ்ட்' என்பதன்பின் ஆளை நேராக வைத்து 'டு' சேர்க்கக்கூடாது. 'ஹி சஜஸ்டெட் தட் ஐ ஷுட் கோ' என்று எழுத வேண்டும். 'அட்வைஸ்' என்றால் மட்டும் 'ஹி அட்வைஸ்ட் மி டு கோ' சரியாகும்.

'தே டிமாண்டட் தட் தி பஸ் வுட் ஸ்டாப் ஹியர்.' பேருந்து இங்கே நிற்க வேண்டும் என்ற கோரிக்கையில் 'வுட்' பொருந்தாது. 'ஷுட் ஸ்டாப்' அல்லது வெறும் 'ஸ்டாப்' வரவேண்டும்.

'ஷி செட் தட் ஐ வில் கம் டுமாரோ.' தமிழில் 'நான் நாளை வருவேன் என்று அவள் சொன்னாள்' என்பது இயல்பு. அதையே ஆங்கிலத்தில் வைத்தால், வரப்போவது எழுதுபவர் என்று பொருளாகிவிடும். 'ஷி செட் தட் ஷி வுட் கம் தி நெக்ஸ்ட் டே' என்று இடம், துணைவினை, நாட்சொல் மூன்றையும் மாற்ற வேண்டும்.

'ஐ ஹோப் தட் யூ ஷுட் பாஸ்.' வாழ்த்தில் 'ஷுட்' வந்தால் நம்பிக்கை கடமையாகிவிடும். 'ஐ ஹோப் தட் யூ வில் பாஸ்' என்பதே முறை.

எழுதும்முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

அயற்கூற்று வாக்கியம் எழுதுவோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான பிழைகளைத் தவிர்க்கலாம். முதலாவது, சொன்னவர் என்ன செய்தார்: தெரிவித்தாரா, எதிர்பார்த்தாரா, உறுதியளித்தாரா, கோரினாரா? இதற்கான விடை கூற்று வினையைத் தரும். இரண்டாவது, செய்யவேண்டியவர் யார்: சொன்னவரா, மற்றவரா? சொன்னவராயின் பெரும்பாலும் 'வுட்', மற்றவராயின் பெரும்பாலும் 'ஷுட்'. மூன்றாவது, சொன்னது முடிந்துபோன பேச்சா, இன்னும் நடப்பிலுள்ள விதியா? பேச்சாயின் துணைவினை ஒரு படி பின்னுக்குச் செல்லும். விதியாயின் எழுதப்பட்டபடியே நிற்கும்.